யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்குமா?

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் வரை போகும் எங்கள் கரையில், ஒருவருக்கு மனம் பிசகினால் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. "ரொம்ப யோசிச்சான், மூளை கலங்கிருச்சு" என்று தெருமுனையிலேயே தீர்ப்பு வந்துவிடும். படிக்கிற பையன் என்றால் "படிச்சுப் படிச்சே போயிட்டான்". கடலுக்குப் போன கணவன் திரும்பாதவள் என்றால் "நினைச்சு நினைச்சே போயிட்டா". ஏர்வாடி தர்காவுக்கு வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டி வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தில் ஐந்து பேர் இதையேதான் சொல்வார்கள்.

இது வெறும் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் நோய் வந்த வீட்டில் முதல் ஒன்றிரண்டு வருடம் என்ன நடக்கும் என்பதை இந்த ஒரு வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. யோசனைதான் காரணம் என்று நம்பினால், யோசனையை நிறுத்துவதுதான் வைத்தியம் என்று ஆகிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. காலையில் எழுந்து, கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் நாட்டுப்படகுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருப்பதால் ஹெலிகாப்டர் கரையோரமாகப் பறப்பது எங்களுக்குப் பழக்கம். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவன் மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். "11.10 வந்தது. என்னைப் பார்த்தது. 11.25 திரும்பியது. தகவல் சொல்லிவிட்டது." பக்கம் பக்கமாக, அச்சடித்தது போன்ற அழகான கையெழுத்தில்.

அவன் அம்மா பாடப் புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். புத்தகம் கண்ணில் படாவிட்டால் புள்ளை சரியாகிவிடுவான் என்று மனதார நம்பினார். மருத்துவரிடம் போவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

நம் முன்னோர் இதற்கு யோசனையைக் காரணமாகச் சொல்லவில்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பித்து, பித்தன், பைத்தியம் என்ற சொற்களெல்லாம் பித்தத்தோடு உறவுள்ளவை. "பித்தம் தலைக்கேறிப் போச்சு" என்று இன்றும் சொல்கிறோம். உடம்பில் வாதம், பித்தம், கபம் மூன்றும் நிலை தவறினால் புத்தி தடுமாறும் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் இது உடம்போடு சேர்ந்த கோளாறு என்ற அடிப்படை எண்ணம், "யோசிச்சுக் கெட்டான்" என்று ஆளையே குற்றவாளி ஆக்குவதைவிட நோயாளிக்கு நியாயம் செய்தது என்று நினைக்கிறேன்.

சரி, யோசித்தால் மூளை தேயுமா? பாம்பனிலோ மண்டபத்திலோ நாட்டுப்படகு ஓட்டுகிற ஒரு நல்ல ஆளைப் பாருங்கள். காற்று வாடையா சோழகமா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, பிறையா பௌர்ணமியா, போன வாரம் எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) என்ன மீன் பட்டது, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று அத்தனையும் ஒரே நேரத்தில் மனதில் ஓடும். கரையில் தெரியும் ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து, தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்குச் சரியாகப் போய் வலை விடுவார். நாற்பது வருடம் இப்படி யோசித்தவர் அறுபது வயதில் தெளிவாகத்தான் இருக்கிறார். மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது, சும்மா இருக்கும்போதும்கூட. கடினமான கணக்கைப் போட உட்கார்ந்தால் அந்தச் செலவு கூடுவது மிகச் சொற்பம். யோசிப்பது மூளையின் அன்றாட வேலை. அந்த வேலையால் அது பழுதாவதில்லை.

சிக்கல், நாம் "யோசனை" என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் போடுவதில் இருக்கிறது. படகுக்காரர் செய்வது ஒன்று. அந்தத் தம்பிக்கு நடந்தது வேறு. மூன்றாவதுக்கு நம்மிடம் அருமையான சொல் இருந்தும் யோசனை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் தம்பிக்கு வந்தது மனச்சிதைவு. இல்லாத குரல் காதில் கேட்பது, சம்பந்தமில்லாத விஷயம் தன்னைப் பற்றியதாகவே தோன்றுவது, கோர்வையாகப் பேச முடியாமல் போவது இதன் முக்கிய அடையாளங்கள். வாழ்நாளில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது வரலாம். பெற்றோரிலோ கூடப் பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இருந்தால் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வாய்ப்பு உயர்கிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை. வம்சவழிக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே இல்லை என்பது இதில் தெரிகிறது. பிறப்பின்போது ஏற்படும் சிக்கல்கள், சிறுவயதில் பட்ட அடிகள், தனிமை, கஞ்சா எல்லாம் சேரலாம். 1987-இல் வெளியான ஓர் ஆய்வு, சுவீடன் ராணுவத்தில் சேர்ந்த சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தது. பதின்வயதில் கஞ்சா அதிகம் பிடித்தவர்களுக்கு இந்த நோய் வருவது மற்றவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. எங்கள் கரை வழியாக அக்கரைக்குக் கஞ்சா கடத்தப்பட்டுப் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. கடந்து போவதில் கொஞ்சம் இங்கேயும் தங்கும். படிப்பைச் சந்தேகப்படுகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் போக்கு மாறும்போது, சாதாரண விஷயத்துக்கெல்லாம் ஒரு தனி அர்த்தம் ஒட்டிக்கொள்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஹெலிகாப்டர் பறப்பது எல்லாருக்கும் சத்தம், அவனுக்குச் செய்தி. அர்த்தம் வந்து குவியக் குவிய, அதைப் பொருத்திப் பார்க்க மனம் ராப்பகலாக உழைக்கிறது. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அந்த உழைப்பு மட்டும்தான் தெரிகிறது. "பாவம், ஓயாம யோசிக்கிறான்." முதலில் வந்தது நோய். யோசனை அதன் பின்னால் வந்தது.

பிறகு ஏன் எல்லாரும் படிப்பைக் காட்டுகிறார்கள்? வயதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். நம் வீடுகளில் அதே வயதில்தான் பொதுத்தேர்வு, கல்லூரி, முதல் சவுதி விசா, முதல் காதல் எல்லாம் வருகின்றன. நோய் எப்போது வந்தாலும் பக்கத்தில் ஒரு புத்தகமோ பெண்ணோ பாஸ்போர்ட்டோ இருக்கும். பழி அதன் மேல் விழும். பள்ளிக்கூடமே போகாமல் உப்பளத்திலும் கரைவலையிலும் வேலை பார்த்தவர்களுக்கும் இதே நோய் வருகிறது. அவர்கள் விஷயத்தில் "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்று காரணம் மாறிவிடும், அவ்வளவுதான்.

கணித மேதை ஜான் நாஷைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1959-இல், முப்பது வயதில், அவருக்கு மனச்சிதைவு வெளிப்பட்டது. 1994-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசுக்குக் காரணமான வேலையை நோய் வருவதற்கு முன்பே, இருபதுகளின் தொடக்கத்திலேயே முடித்திருந்தார். அவருடைய மகனுக்கும் அதே நோய் வந்தது. கணக்கு அவர் மூளையைக் கெடுத்தது என்று சொல்ல இதில் எதுவுமில்லை. ரத்த வழியில் ஏதோ இருந்தது என்று சொல்லத்தான் இடமிருக்கிறது.

அந்தத் தம்பியின் அம்மா பிற்பாடு ஒரு விஷயம் சொன்னார். அது என் மனதில் அப்படியே நிற்கிறது. "ராத்திரி பூரா லைட்டைப் போட்டுக்கிட்டு படிப்பான்யா. நானும் பெருமையா நினைச்சேன். அப்புறம் ஒரு நா கவனிச்சேன், புத்தகம் தெறந்தே இருக்கு, பக்கம் மட்டும் திரும்பவே இல்ல." அதிகம் படித்தவனின் அடையாளம் இல்லை அது. படிக்க முடியாமல் போனவனின் அடையாளம். நோய் முழுதாக வெளிவருவதற்கு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் முன்பே, தூக்கம் கெடும், கவனம் நிற்காது, ஆட்களை விட்டு ஒதுங்குவார்கள். அந்தக் கட்டத்திலேயே மருத்துவரைப் பார்த்தால் பிழைப்பு மீளும் வாய்ப்பு கூடுகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகிறது.

இப்போது அந்த மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். தமிழில் அதற்குப் பெயர் மருகுதல்.

ராமேஸ்வரம் தீவில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வலை பின்னிக் கொடுக்கிறார். அவர் வீட்டுக்காரர் போன விசைப்படகை நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை பிடித்து, ஆளைச் சிறையில் வைத்துவிட்டுச் சில மாதம் கழித்துத்தான் விட்டார்கள். ஆள் திரும்பி வந்துவிட்டார். மறுபடியும் கடலுக்குப் போகிறார். ஆனால் படகு போகிற ராத்திரியெல்லாம் அக்காவுக்குத் தூக்கமில்லை. வலைக் கண்ணில் ஊசி போய்ப் போய் வருகிறது. முடிச்சைப் பார்க்காமலே விரல் இறுக்குகிறது. "கை பாட்டுக்கு வலையை முடியுது தம்பி, மனசு அன்னைக்கே நிக்குது. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல." இதை என்னிடம் அவர் மூன்று தடவை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். பிறகு கேட்டார்: "இப்படியே போனா எனக்கும் பைத்தியம் புடிச்சிருமா?"

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அவர் கேள்விக்காகத்தான்.

படகுக்காரரின் யோசனைக்கு ஒரு கரை உண்டு: வலையை இங்கே விடுவதா, அங்கே விடுவதா? முடிவெடுத்ததும் அது முடிந்துவிடும். மருகுதலுக்குக் கரை இல்லை. நடந்து முடிந்ததையோ நடக்குமோ என்று பயப்படுவதையோ அது சுற்றிச் சுற்றி வருகிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா தன் வாழ்நாள் ஆய்வையே இதற்குக் கொடுத்தவர். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், மனம் கனத்தால் என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் கேட்டு எழுதி வைத்திருந்தார். நிலநடுக்கம் முடிந்து பத்து நாளிலும் ஏழு வாரத்திலும் அவர்களையே மறுபடி பார்த்தார். முன்பே மருகும் பழக்கம் இருந்தவர்கள், அதே நிலநடுக்கத்தை அனுபவித்த மற்றவர்களைவிட அதிகமான மனச்சோர்வில் இருந்தார்கள். ஆக, மருகுதல் மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூட்டும், நீட்டும். இது உண்மை. "நினைச்சு நினைச்சே போயிட்டா" என்று ஊர் சொல்வதில் இந்த அளவுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் மருகுதல் முற்றிப்போய் மனச்சிதைவாக மாறுவதில்லை. அவை வேறு வேறு பாதைகள். கடுமையான மனச்சோர்வில் சிலருக்குக் குரல் கேட்பது, பாவம் செய்துவிட்டோம் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை வருவது உண்டு. அதுவும் மருந்துக்குக் கட்டுப்படும். இந்த இரண்டு பாதைகளுக்கும் இடையில் நிஜமான ஆபத்து ஒன்று இருக்கிறதென்றால் அது தூக்கமின்மை. குறிப்பாக, எழுச்சியும் சோர்வுமாக மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கான வாய்ப்பு ரத்தத்தில் இருப்பவர்களுக்குச் சில ராத்திரி தூக்கம் போனாலே நோய் கிளம்பிவிடும். பிள்ளை பெற்ற வீட்டில் பச்சை உடம்புக்காரி தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதும் இதனால்தான்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. குழந்தையைக் கிணற்றடியில் குளிப்பாட்டும்போது, தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு மின்னல் மாதிரி வந்து போகும். பாம்பன் பாலத்தில் நிற்கும்போது குதித்தால் என்ன என்று தோன்றும். "இப்படியெல்லாம் தோணுதே, நமக்குப் பைத்தியமா" என்று உள்ளுக்குள் நடுங்குவார்கள். இலங்கையில் பிறந்து லண்டனில் பணிசெய்த உளவியலாளர் பத்மால் டி சில்வா, ராக்மன் என்பவரோடு சேர்ந்து 1978-இல் இதைப் பரிசோதித்தார். நோய் எதுவும் இல்லாதவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் இதே மாதிரி விபரீத நினைப்புகள் வந்து போகின்றன என்று கண்டார்கள். நினைப்பு வருவது யாருக்கும் உள்ளது. அதற்குப் பயந்து அதோடு மல்லுக்கு நிற்கும்போதுதான் அது பிடித்துக்கொள்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணமே தங்கிவிட்டால், வழி யோசிக்கத் தொடங்கிவிட்டால், அது வேறு விஷயம். உடனே ஆளிடம் சொல்ல வேண்டும்.

அதனால்தான் "யோசிக்காதே" என்ற அறிவுரை வேலை செய்வதில்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சிலரிடம் சொன்னார். நினைக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. அதைவிட முக்கியம், பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அக்காவிடம் சொந்தக்காரர்கள் எல்லாரும் பத்து தடவை "நினைக்காத" என்று சொல்லியிருக்கிறார்கள். பத்து கரடி.

அப்படியானால் என்ன செய்வது? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே மக்கள் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சேதான். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில்கூட அந்தச் சொல் இடம்பெற்றது. கம்போடியாவிலும் இதே பேச்சு உண்டு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் அந்த ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வெளியே மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். மருகிக்கொண்டு வருகிறவர் பேசுவார், பாட்டி கேட்பார். பிறகு இருவரும் சேர்ந்து, இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் 573 பேர். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. பேச்சின் அந்த முதல் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கு மனதைத் திறப்பது என்று பொருள். மனசு விட்டுப் பேசுவது என்று நாம் சொல்வோமே, அது. எங்கள் கரையில் பாட்டிமாருக்கும் பஞ்சமில்லை, மரத்தடிக்கும் பஞ்சமில்லை. கேட்பதற்குப் பதில் "நினைக்காத" என்று எழுப்பி விட்டுவிடுகிறோம்.

அந்தத் தம்பிக்குப் பேச்சு மட்டும் போதாது. மனச்சிதைவுக்கு 1952-இல் பிரான்சில் குளோர்புரோமசின் வந்த பிறகுதான் உண்மையான மருந்து என்று ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏர்வாடியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே நோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த மாதிரி காப்பகங்கள் மூடப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இறந்தவர்களைக் கட்டிப் போட்டது கெட்ட எண்ணத்தால் மட்டும் இல்லை. ஆள் திரும்பி வருவான், யோசனை அடங்கும்வரை அடக்கி வைப்போம் என்று வீட்டில் நம்பி அனுப்பியவர்களும் அதில் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. தர்காவின் மேல் எனக்கு வருத்தமில்லை. சையது இப்ராஹிம் பாதுஷா அடக்கமாகியிருக்கும் அந்த இடத்தில் எல்லா மதத்துக்காரரும் ஆறுதல் தேடுகிறார்கள், அது பொய்யில்லை. 2002-இல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் அவருடன் இருந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைக் கவனித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். தங்கிய காலத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே மிரட்டாத, ஆதரவான சூழல் இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார், அன்றாடச் சின்ன வேலைகள் இருந்தன. மருந்து மீதியைச் செய்யும், ஆள் கூட இருந்தால். இன்று ஏர்வாடியில் துவாவோடு (பிரார்த்தனை) தவாவும் (மருந்து) சேர்ந்து, தர்காவுக்கு வருகிறவர்கள் அரசு மனநல மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடு வந்திருக்கிறது. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் தர்காவில் தொடங்கிய யோசனை அது. 2022 அக்டோபர் முதல் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் என்ற இலவச எண் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று பாடிய தாயுமானவர் அடங்கிய இடம் எங்கள் ராமநாதபுரத்தில்தான், லட்சுமிபுரத்தில் இருக்கிறது. மதயானையை அடக்குவதைவிடக் கடினம் என்று ஞானியே சொன்ன காரியத்தை, மூன்று மாதம் தூங்காத ஒரு பிள்ளையிடம் "யோசிக்காம இரு" என்று கேட்கிறோம். அதற்குப் பதில் "ராத்திரி தூங்குனியாப்பா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் வரும். இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு ஒரு பஸ்தான்.

அக்காவிடம் போன மாதம் சொன்னேன்: பைத்தியம் பிடிக்காது, ஆனால் இந்தத் தூக்கத்தை இப்படியே விடக் கூடாது. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும், அப்போது தூங்குகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஊசியை நிறுத்தினார். "அப்ப தூங்குறேன் தம்பி. நீ கேட்டப்புறந்தான் தெரியுது." படகு போகிற ராத்திரிகளில் அவர் இப்போது பக்கத்து வீட்டு மதினியோடு படுத்துக்கொள்கிறார். இருவருக்கும் ஆள் கடலில்தான்.

அந்தத் தம்பி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அவன் மாமாவின் கருவாட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறான். ஹெலிகாப்டர் நோட்டு எங்கே என்று கேட்டால் சிரிப்பான், பதில் சொல்ல மாட்டான். அவன் அம்மா பரணிலிருந்த சாக்கை இறக்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று புத்தகத்தைக் கரையான் அரித்திருந்தது. மீதியைக் கடைக்குக் கொண்டுபோய், கூட்டம் இல்லாத மத்தியானங்களில் படிக்கிறான்.